சரக்கு வண்டிக்குச் சொகுசு எதற்கு?

நம் சங்க இதழில் கவிதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், கோயில் வரலாறு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சரக்கு வண்டியின் ஸ்பிரிங் பட்டையைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. இலக்கிய அன்பர்கள் இந்த ஒருமுறை பொறுத்துக்கொள்ள வேண்டும். பந்தல் சாமானும் பாத்திரமும் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன் நான். திருத்தணிப் பக்கத்திலிருந்து ஏர்பேட்டுக்கு வந்து 28 ஆண்டுகள் ஆகின்றன. இந்த வட்டாரத்துக் கலியாணங்களில் பாதிக்கு என் நாற்காலிகள் போயிருக்கின்றன. எனக்குப் பத்திரிகை வந்தது அதில் கால்வாசிக்குத்தான் என்பது வேறு விஷயம்.

பிக்-அப் வண்டி ஆட்டம் போடுகிறது என்று பின்பக்க ஸ்பிரிங்கிலிருந்து ஓரிரண்டு பட்டைகளைக் கழற்றிவிடும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அது தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால், "சரக்கு வண்டியில் சொகுசு கேட்கிறாயா?" என்று சிரிக்கிறவர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவர்களால்தான் பட்டை கழற்றுகிறவனே உண்டாகிறான் என்பது என் எண்ணம்.

என் தொழிலின் இயல்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருநாள் இரும்புக் குழாய், பந்தல் தகரம், அண்டா, அடுப்பு என்று ஒரு டன்னுக்கு மேல் ஏறும். மறுநாள் ஒரு பெயர் சூட்டு விழாவுக்கு 40 பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் போகும். பார்த்தால் வண்டி நிறைந்திருக்கும், எடை என்று பார்த்தால் இரண்டு ஆள் எடைகூட வராது. பாப்பாநாயுடுபேட்டையில் கண்ணாடி மணி செய்கிற ஒருவர் சில சமயம் என் வண்டியைக் கேட்பார். கனமும் இல்லாத, குலுக்கவும் கூடாத சரக்கு அது. வண்டியோ 1.3 டன் சுமக்கவென்று செய்யப்பட்டது. சுமை இருந்தால் அரசன் மாதிரி போகும். சுமை இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் துள்ளும். ஒருமுறை அம்மாவைக் கண் சிகிச்சைக்கு வேலூருக்கு அழைத்துப் போனேன். முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். காட்பாடி தாண்டுவதற்குள், "இது என்னடா வண்டி, உரல்ல போட்டு இடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். திரும்பும்போது ரயிலில்தான் வருவேன் என்று பிடிவாதம். ரயிலில்தான் வந்தாள்.

அம்மாவுக்கு அது ஒருநாள் பாடு. வண்டி ஓட்டுகிற என் மைத்துனனுக்குத் தினப்படி பாடு. 31 வயதுக்காரன். காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வான். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இடுப்புத் தண்டு எலும்புகளுக்கு நடுவில் தேய்மானம் என்றார். "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டார். சொன்னான். "வேலையை மாற்று" என்றார். மருந்துச் சீட்டில் எழுதித் தரமுடியாத மருந்து அது.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். யார் மேலும் பழி போட விரும்பவில்லை, நானேதான் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினேன். "இரண்டு பட்டை எடுத்துடு தம்பி, மாப்பிள்ளைக்கு இடுப்பு வலி" என்று சொன்னதும் நான்தான். ஒன்றரை மணி நேர வேலை. கூலியும் குறைவு. வண்டி அன்றைக்கே மெத்தை மாதிரி ஆகிவிட்டது. மைத்துனன், "மாமா, இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே" என்றான். எனக்கும் பெருமையாக இருந்தது.

இரண்டு மாதம் கழிந்தது. ஒரு மாலை, வெங்கடகிரி சாலையில் சாமானை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தான். தூறல். ஓர் எருமை குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தான். வழக்கமாக நிற்க வேண்டிய வண்டியின் பின்பக்கம் ஒருபுறமாகச் சுழன்று, வண்டி பக்கவாட்டில் போய்ச் சாலையோரக் கால்வாயில் இறங்கியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. எதிரில் பேருந்து வந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன், என் மனைவி என்னோடு பேசிக்கொண்டும் இருக்கமாட்டாள்.

"வேகமாகப் போயிருப்பான்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வண்டியைத் தூக்கிக் கொண்டுவந்து நிறுத்தியபின், அரசுப் போக்குவரத்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் காட்டினேன். ரேணிகுண்டாவில் இருக்கிறார். அவர் என்ஜினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. நேரே வண்டிக்கு அடியில் குனிந்து, பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த ஒரு மெல்லிய கம்பியை விரலால் தட்டிக் காட்டினார். "இது என்னன்னு தெரியுமா?" எனக்குத் தெரியாது. 10 ஆண்டு அந்த வண்டிக்குச் சொந்தக்காரனாக இருந்தும் தெரியாது.

விஷயம் இதுதான். வெறும் வண்டியில் பின் சக்கரங்களின் மேல் எடை குறைவு. பிரேக் மிதிக்கும்போது இருக்கிற எடையும் முன்னுக்குச் சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் பின் சக்கரத்துக்கு முழு பிரேக் கொடுத்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். சறுக்குகிற சக்கரத்துக்குத் திசை கிடையாது. அதற்காக இப்படிப்பட்ட பல சரக்கு வண்டிகளில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். சட்டத்தில் வால்வு, அச்சில் கம்பி. சுமை ஏறினால் சட்டம் தாழ்ந்து அச்சுக்கு அருகில் வரும். கம்பி நெம்பும், வால்வு திறந்து பின் பிரேக்குக்கு அதிக எண்ணெய் அழுத்தம் போகும். சுமை இறங்கினால் சட்டம் உயரும், வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். அதாவது வண்டியின் உயரத்தை வைத்துத்தான் அது சுமையை அறிகிறது. அதற்குக் கண் கிடையாது.

நான் இரண்டு பட்டையை எடுத்ததும் வெறும் வண்டியே தாழ்ந்துவிட்டது. வால்வு என்ன நினைக்கும்? சுமை ஏறியிருக்கிறது என்று நினைக்கும். நாற்காலிகூட இல்லாத வண்டிக்கு ஒரு டன் சுமைக்குரிய பின் பிரேக்கைக் கொடுத்தது. ஈரச் சாலை மீதியைச் செய்தது. போதாததற்கு, பட்டைகள் வெறும் மெத்தை அல்ல. அச்சைப் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். பிரேக் பிடிக்கும்போது அச்சு சுழல முயலும், அதைத் தாங்குவது பட்டைக் கட்டு. கட்டு இளைத்தால் அச்சு முறுக்கிக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறாகச் செய்கிறவர்களும் உண்டு. அதிகப் பாரம் ஏற்றுவதற்காகப் பட்டை கூட்டுகிறவர்களைச் சொல்கிறேன். அங்கே வண்டி இரண்டு டன் சுமையோடும் நிமிர்ந்தே நிற்கும். வால்வு அதை வெறும் வண்டி என்று நம்பிப் பின் பிரேக்கைச் சுருக்கிக்கொள்ளும். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. பட்டை கழற்றினவன் சறுக்குகிறான், கூட்டினவன் முட்டுகிறான். இரண்டு பேருக்கும் 'பிரேக் பிடிக்கவில்லை' என்றுதான் கடைசியில் எழுதுவார்கள்.

நிற்க. வெறும் வண்டி ஏன் குலுக்குகிறது என்பதையும் அந்தப் பெரியவர் சொன்னார். பிறகு நான் படித்தும் தெரிந்துகொண்டேன். ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் எடை நான்கு மடங்கானால், அது மேலும் கீழும் ஆடும் வேகம் பாதியாகும். சுமையோடு நிதானமாக ஆடுகிற அதே வண்டி, சுமை இறங்கியதும் படபடவென்று அடிப்பது இதனால்தான். ஒரு நல்ல கார் நொடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை தடவை ஆடும். வெறும் பிக்-அப் அதைப் போல இரண்டு மடங்கு. உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு நொடிக்கு 4 முதல் 8 வரையிலான மேல்கீழ் அதிர்வுதான் ஆகவே ஆகாது. நம் குடலும் முதுகெலும்பும் அந்தத் தாளத்துக்குச் சேர்ந்து ஆடும். ஐரோப்பிய நாடுகள் 2002-இல் இதற்கென்றே ஒரு நெறிமுறை கொண்டுவந்து, எட்டு மணி நேர வேலையில் ஒரு தொழிலாளியின் உடம்பு எவ்வளவு அதிர்வு வாங்கலாம் என்று எல்லை வகுத்துவிட்டன. நம் ஊரில் அந்த எல்லையை இடுப்பு வலிதான் வகுக்கிறது.

பட்டையின் கணக்கும் கொஞ்சம் விசித்திரமானது. பட்டையின் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். 10 மில்லிமீட்டர் பட்டை இருந்த இடத்தில் 8 மில்லிமீட்டர் பட்டை போட்டால், 'இரண்டு மில்லிமீட்டர்தானே' என்று தோன்றும். விறைப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். கண்ணளவில் செய்கிற வேலை இல்லை இது. இன்னொன்று, பட்டைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. துருவும் மண்ணும் சேர்ந்த கட்டு சின்னப் பள்ளங்களுக்கு வளைந்தே கொடுக்காது. மரக்கட்டை மாதிரி நின்று, அடியை அப்படியே மேலே அனுப்பும். ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரி.

பெரியவரிடம், "அப்படியானால் என்னதான் செய்வது?" என்றேன். முதலில் சிரித்துக்கொண்டே, "அந்தக் காலத்துல பின்னாடி மூணு மணல் மூட்டை போட்டு ஓட்டுவோம்" என்றார். கணக்குப்படி அது சரிதான், எடை ஏறினால் ஆட்டம் குறையும். ஆனால் மணல் என்ற சொல்லை ஏர்பேட்டில் அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது. சொர்ணமுகி ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்து 2017 ஏப்ரலில் எங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கு முறையிட வந்த கிராமத்து மக்கள் கூட்டத்தில் ஒரு லாரி புகுந்தது. பல உயிர்கள் போயின. அந்த இடத்தைத் தாண்டும்போது இன்றைக்கும் நான் ஒலிப்பான் அடிப்பதில்லை. பெரியவரும் அதை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, பேச்சை மாற்றிவிட்டார்.

அவர் சொன்னபடி செய்த வேலைகளைச் சொல்கிறேன். கழற்றின இரண்டு பட்டைகளையும் தேடிப் பிடித்துத் திரும்பப் போட்டோம். ஒன்று பட்டறைக்காரரின் வாசலில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது! கட்டு முழுவதையும் பிரித்து, துருவைச் சுரண்டி, பட்டைகளுக்கு நடுவே கிராபைட் கிரீஸ் தடவி, முனைகளில் தேய்ந்துபோயிருந்த உரசல் தடுப்புத் துண்டுகளைப் புதிதாக மாற்றினார். காதுகளில் இருந்த ரப்பர் புஷ்கள் கல்லாகிவிட்டிருந்தன. அவையும் மாறின. யூ-போல்ட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கி, 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி வந்து முறுக்கிக்கொள்ளச் சொன்னார். இதை எந்தப் பட்டறையிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

அதைவிடப் பெரிய குற்றவாளி ஷாக் அப்சார்பர். பின்னிரண்டில் ஒன்று எண்ணெய் முழுவதும் கசிந்து வறண்டு, மேலே மண் அப்பிக்கிடந்தது. எத்தனை மாதமாகவோ! ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும், ஆனால் ஆட்டத்தை நிறுத்தாது. நிறுத்துவது ஷாக்தான். அது செத்துக்கிடந்த வண்டிக்கு நான் ஸ்பிரிங்கில் வைத்தியம் பார்த்திருக்கிறேன். தலைவலிக்காரனுக்குக் காலில் கட்டுப் போட்ட கதை.

பிறகு டயர் காற்று. சுமை ஏற்றும்போது பின் டயருக்கு 60 பவுண்டுக்கு மேல் வேண்டும். அதையே நாங்கள் ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டிருந்தோம். வெறும் வண்டிக்கு வேறு அளவு, அதைவிடக் குறைவாக, வண்டியோடு வந்த கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கையேடு பீரோவில் கலியாணப் பத்திரிகைகளுக்கு அடியில் இருந்தது. இப்போது நாற்காலி மட்டும் போகும் நாளில் காற்றைக் கையேட்டு அளவுக்கு இறக்குகிறோம். குழாய் ஏற்றும் நாளில் மறக்காமல் ஏற்றுகிறோம். மறந்தால் டயர் சூடேறி வெடிக்கும், ஆகையால் சோம்பேறிகளுக்கு இந்த வழி ஆகாது. ஓட்டுநர் சீட்டின் பஞ்சு தட்டையாகிப் பலகை தெரிந்தது. அதை மாற்றி, முதுகுக்கு அணை வைத்தோம். வால்வுக் கம்பியைக் கையேட்டு அளவுக்குத் திருத்திக் கட்டினார். எல்லாம் சேர்த்து, பட்டை கழற்றக் கொடுத்த கூலியைப் போலப் பல மடங்கு செலவு. எலும்பு முறிவுக்குக் கட்டிய தொகையில் அது சிறு பங்குதான்.

வண்டி காராகிவிட்டதா? இல்லை. முன்பு ஐந்து இடி இடித்த பள்ளத்தில் இப்போது இரண்டு இடிக்கிறது. மைத்துனன் இப்போதெல்லாம் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறான். எனக்கு அது போதும்.

ஆனால் மனம் அதோடு நிற்கவில்லை. என்னைப் போல் இடம் அடைக்கும், எடை இல்லாத சரக்கை ஏற்றுகிறவர்கள் எத்தனை பேர்! பஞ்சு மெத்தை, பூக்கூடை, பிளாஸ்டிக் குடம், காலி கேன். இவர்கள் எல்லாருக்கும் ஒரே விறைப்பான ஸ்பிரிங்தான் கிடைக்கிறது. 2005-இல் டாடா ஏஸ் வந்து நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பேர் வைத்த நாளிலிருந்து பார்க்கிறேன். 750 கிலோ வண்டி என்றால் ஒன்றரை டன் ஏற்றுவோம். 1.3 டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றுவோம். செய்கிறவர்களுக்கும் இது தெரியும். நாம் மீறுவோம் என்று தெரிந்தே அவர்கள் ஸ்பிரிங்கை விறைப்பாக வைக்கிறார்கள் என்பது என் சந்தேகம். மீறுகிறவனுக்காகச் செய்த வண்டியில் மீறாதவன் இடுப்பை ஒடித்துக்கொள்கிறான்.

மென்மையாகச் செய்யத் தெரியாதா என்றால், தெரியும். நம் மாவட்டத்திலேயே, ஸ்ரீசிட்டியில், 2016 ஏப்ரலில் திறந்த இசுசு தொழிற்சாலையில் டி-மேக்ஸ் பிக்-அப் செய்கிறார்கள். அதிலேயே சரக்கு வண்டியும் உண்டு, குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்களுக்கான வி-கிராஸும் உண்டு. வி-கிராஸுக்கும் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான்; ஆனால் மென்மையான ஓட்டத்துக்கென்று அமைத்தது என்று சொல்லியே விற்கிறார்கள். அமெரிக்காவில் ராம் 2500 என்ற கனரகப் பிக்-அப்புக்கு 2014 மாடலிலிருந்து பின்பக்கப் பட்டையை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வைத்தார்கள், காற்றுப் பை வேண்டுமென்றால் அதுவும் உண்டு. ஆக, வாரக் கடைசியில் கூடாரம் ஏற்றிப் போகிறவனுக்கு மென்மை, வாரம் முழுவதும் ஓட்டுகிறவனுக்கு விறைப்பு. இதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். நான் குற்றவாளிதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், 'மாற்றாதே' என்று சொல்கிற சட்டம், சரியாக மாற்ற ஒரு வழியும் காட்ட வேண்டாமா? ஆஸ்திரேலியாவில் பிக்-அப்புக்கு வேறு ஸ்பிரிங் தொகுதி போடலாம். சோதித்து, சான்றிதழ் பெற்று, வண்டியின் ஏட்டிலும் பதிந்துகொள்கிறார்கள். நம்மிடம் புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. நிறுவனங்களே ஒரு வண்டிக்கு இரண்டு ஸ்பிரிங் தொகுதி விற்கட்டும். ஒன்று முழுச் சுமைக்கு, ஒன்று பாதிச் சுமைக்கு. அதற்கேற்ற ஷாக், அதற்கேற்ற வால்வு அளவு, ஆர்.சி.யில் அதற்கேற்ற எடை. பாதிச் சுமைத் தொகுதி வாங்கினவன் முழுச் சுமை ஏற்றினால் பிடித்து அபராதம் போடட்டும்.

இதைச் சொன்னால் பட்டறைக்காரர்கள் பிழைப்புக் கெடும் என்று ஒரு நண்பர் சொன்னார். கெடாது. அந்தத் தொகுதியைப் பூட்டவும் ஆள் வேண்டுமே.

எங்கள் ஊரிலேயே ஐ.ஐ.டி.யும் ஐசரும் வந்துவிட்டன. இரண்டும் 2015-இல் தொடங்கியவை. ஐ.ஐ.டி.யின் இயந்திரவியல் மாணவர்கள் தங்கள் செய்முறைக்கு என் வண்டியை எடுத்துக்கொள்ளலாம், வாடகை கேட்கமாட்டேன். வெறும் வண்டியில், பாதிச் சுமையில், முழுச் சுமையில் ஓட்டுநர் சீட்டில் எவ்வளவு அதிர்வு என்று ஒரு கருவி வைத்து அளந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடங்களுக்கு நான் போகிறேன்.

சங்க அன்பர்களில் பிக்-அப் வைத்திருப்பவர்கள் நாளைக் காலையில் ஒருமுறை வண்டிக்கு அடியில் குனிந்து அந்தக் கம்பி இருக்கிறதா, இருந்தால் அது கட்டியிருக்கிறதா, கழன்று தொங்குகிறதா என்று பாருங்கள். எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கிடங்குக்கு வரலாம். முகூர்த்தமில்லாத ஞாயிறாக இருந்தால் நல்லது. உட்கார நாற்காலியாவது மிச்சமிருக்கும்.